கர்வாவெட்ஸ் மலையின் நான்கு பந்தயங்கள்

வழக்கு முடிந்த அன்று கட்சிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "ஜெயிச்சோமா, தோத்தோமா?" என்பதுதான். ஒரே சொல்லில் பதில் வேண்டும் அவருக்கு. பெரும்பாலும் சொல்லிவிடவும் முடியும். சிங்கப்பூரில் நெடுங்காலம் நடுவர் தீர்ப்பு வழக்குகளில் உழன்ற எனக்கு, அப்படிச் சொல்லிவிட முடியாததாக நினைவில் தங்கியிருப்பது நான் வாதாடிய வழக்கு அல்ல, தள்ளி நின்று பார்த்த வழக்கு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் 2015 ஜூன் 19 அன்று அதில் முடிவு சொன்னது. தாய்லாந்துக்காகப் பனிச்சறுக்குப் போட்டியில் இறங்கிய ஒரு பெண் மீதான நான்காண்டுத் தடையை அது ரத்து செய்தது. அவர் ஒலிம்பிக் தகுதிக்கு நம்பியிருந்த நான்கு பந்தயங்களின் முடிவுகள் செல்லாது என்பதையும் அதுவே உறுதி செய்தது. இரு தரப்பு வக்கீல்களும் தத்தம் கட்சிக்காரரிடம் வென்றோம் என்று சொல்லியிருக்கலாம். இருவர் சொன்னதும் பொய்யாகியிருக்காது.

சறுக்குப் போட்டிப் பட்டியல்களில் அவர் பெயர் வனெஸ்ஸா வனகோர்ன். உலகம் அவரை வயலின் கலைஞர் வனெஸ்ஸா-மே என்று அறியும். 1978இல் எங்கள் ஊரில் பிறந்தவர். அப்பா தாய்லாந்துக்காரர், அம்மா சீனர். சிறு வயதிலேயே இங்கிலாந்துக்குப் போய்விட்டார். 1995இல் வந்த அவருடைய ‘தி வயலின் பிளேயர்’ இசைத்தட்டு உலகமெங்கும் விற்றது. அதனால்தான் இந்த வழக்கு சிங்கப்பூர்க் காபிக்கடை வரைக்கும் வந்தது. "காசு இருக்குறவங்க எதையும் வாங்கிடுவாங்க" என்று ஒரு கட்சி, "நம்ம ஊர்ப் பொண்ணு, சும்மா விடமாட்டாங்க" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூடத் தீர்ப்பைப் படித்திருக்கவில்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. படிக்க வேண்டியது எங்கள் தொழில்.

தாய்லாந்து மக்கள்தொகையில் சின்ன நாடு அல்ல. பனியில்தான் அது சின்ன நாடு. அந்நாட்டுக்காகக் குளிர்கால ஒலிம்பிக்கில் முதலில் கலந்துகொண்டவர் பிரவட் நாகவஜரா. அமெரிக்காவில் பொறியியல் பேராசிரியர். 2002இலும் 2006இலும் நெடுந்தூரச் சறுக்கில் ஓடினார். 2014இல் ரஷ்யாவின் சோச்சிக்குத் தாய்லாந்து அனுப்பியது இரண்டே பேரை: கனேஸ் சுசரித்தகுல் என்ற இளைஞர், அப்புறம் வனெஸ்ஸா. இத்தகைய நாடுகளுக்கென்றே சட்டத்தில் ஒரு சிறு கதவு உண்டு. உலகின் முன்னணி வீரர்களுக்கு உள்ள கடுமையான தகுதி இல்லாவிட்டாலும், நாட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்ற கணக்கில் குறைந்தபட்சத் தகுதி காட்டினால் மலைச்சறுக்கில் இறங்கலாம். முழுக்கத் திறந்துவிடவும் அஞ்சுவார்கள். 1988இல் கால்கரியில் எடி எட்வர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் சறுக்குத் தாண்டலில் கடைசியாக வந்து, வென்றவர்களைவிடப் பெரிய கைதட்டல் வாங்கிப் போனார். அடுத்த சில ஆண்டுகளில் தகுதி விதிகளை இறுக்கிவிட்டார்கள். எல்லா நாட்டுக் கொடியும் வேண்டும், ஆனால் யாரும் சிரிக்கக் கூடாது என்ற இரண்டு ஆசைகளுக்கு நடுவே வரைந்த கோடு அது. இப்படி வரைந்த கோட்டுக்குப் பக்கத்தில்தான் வழக்குகள் முளைக்கும்.

சோச்சிக்கு அந்தக் கோடு 140 புள்ளிகள். பனிச்சறுக்கில் புள்ளி குறையக் குறையத்தான் மதிப்பு. உலகின் முதல்தரத்தார் பூஜ்யத்தை ஒட்டி நிற்பார்கள். ஜயண்ட் ஸ்லாலம் போன்ற பிரிவில் ஐந்து பந்தயங்களின் சராசரி 140க்கு மேல் போகக்கூடாது, அதுவும் 2014 ஜனவரி 19க்குள். வென்றவரைவிட நீங்கள் எத்தனை விநாடி பின்தங்கினீர்கள் என்பதை வைத்து முதலில் ஒரு புள்ளி போடுவார்கள். அதோடு நிறுத்தினால் கிராமத்துப் பந்தயத்தில் வென்றவரும் உலக வாகையரும் ஒன்றாகிவிடுவார்களே என்பதால், பந்தயத்தின் தரத்துக்கேற்ப எல்லார் கணக்கிலும் இன்னொரு தொகையைக் கூட்டுவார்கள். களத்தில் நல்ல புள்ளி வைத்திருக்கும் வீரர்கள் இறங்கினால் கூட்டும் தொகை குறையும். கத்துக்குட்டிகள் மட்டும் இறங்கினால் ஏறும். ஆகவே உங்கள் புள்ளி உங்கள் காலில் மட்டும் இல்லை, பக்கத்தில் யார் நிற்கிறார் என்பதிலும் இருக்கிறது. நான் இந்த விதியைப் படித்த அன்றே, இதில் ஒரு வழக்கு ஒளிந்திருக்கிறது என்று தோன்றியது.

ஜனவரி 18, 19 ஆகிய இரண்டு நாட்களில், அதாவது கெடுவின் கடைசி இரண்டு நாட்களில், ஸ்லொவேனியாவின் தலைநகர் லுப்லியானாவுக்கு அருகிலுள்ள கர்வாவெட்ஸ் மலையில் பெண்களுக்கான நான்கு ஜயண்ட் ஸ்லாலம் பந்தயங்கள் நடந்தன. கேட்டுக்கொண்டது தாய்லாந்துத் தரப்பு. அதில் சட்ட விரோதம் ஒன்றுமில்லை. தேதி நெருங்கும்போது சிறு நாட்டு வீரர்கள் புள்ளி தேடி மலை மலையாக அலைவது ஊரறிந்த விஷயம். பெரிய பெயர்கள் வராத சின்னச் சின்னப் பந்தயங்களாகப் பார்த்துப் பார்த்து ஓடுவார்கள். பந்தயம் இருக்கும் இடத்துக்குப் போவதற்கும் நம் இடத்துக்குப் பந்தயத்தை வரவழைப்பதற்கும் வித்தியாசம் பணம்தான், விதி அல்ல. காபிக்கடைக்காரர்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை.

அந்த நான்கு பந்தயங்களும் சேர்ந்த சராசரிக் கணக்கில் அவர் கோட்டுக்குள் வந்தார். பிப்ரவரி 18 அன்று ரோஸா ஹூட்டர் மலையில், மோசமான வானிலையில், ஒலிம்பிக் ஜயண்ட் ஸ்லாலமில் இறங்கினார். தங்கம் வென்றவர் டீனா மாஸே. அவரும் ஸ்லொவேனியர் என்பது கதை எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். வனெஸ்ஸா இரண்டு சுற்றும் விழாமல் முடித்து, மாஸேயைவிட 50 விநாடி பின்தங்கி 67ஆவதாக வந்தார். முடித்தவர்களில் கடைசி இடம். பாதியில் விழுந்து வெளியேறிய நல்ல வீராங்கனைகள் பலர் அன்று அந்த வரிசையிலேயே இல்லை.

பிறகு ஸ்லொவேனியாவிலேயே விசாரணை தொடங்கியது. அது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பிடம் போனது. 2014 நவம்பரில் கூட்டமைப்பின் விசாரணைக் குழு கண்டதாகச் சொன்னவற்றைப் படித்தால் எந்த வக்கீலுக்கும் வயிற்றைக் கலக்கும். 19ஆம் தேதி நடந்த இரண்டு பந்தயங்களின் முடிவுப் பட்டியலில் அந்த இடத்துக்கே வராத ஒரு போட்டியாளரின் பெயர். கீழே விழுந்த ஒருவருக்கு இரண்டாம் இடம். அவருடைய நேரத்தை நடுவர் ஒருவர் தாமாகவே போட்டிருக்கிறார். இரண்டாவது சுற்றுக்குத் தடத்தை மாற்றி அமைக்க வேண்டும் என்பது விதி, மாற்றவில்லை. வானிலை, சாதாரணமாகப் பந்தயத்தையே ரத்து செய்திருக்க வேண்டிய வானிலை. ஏற்கெனவே ஓய்வு பெற்ற ஒரு வீராங்கனை, அங்கிருந்தவர்களிலேயே சிறந்த புள்ளி வைத்திருந்தவர், கூட்டும் தொகையைக் குறைப்பதற்காகவே களமிறங்கினார் என்றும் குழு சொன்னது. இந்த முறைகேடு இல்லாவிட்டால் அவர் 140ஐத் தொட்டிருக்க முடியாது என்பது அதன் முடிவு. நான்கு பந்தயங்களும் செல்லாது என்றது. அவருக்கு நான்காண்டுத் தடை விதித்தது. பந்தயத்தை நடத்திய அலுவலர்கள் சிலருக்கும் தடை உண்டு, அவருக்கு விதித்ததைவிடக் குறைந்த காலத்துக்கு.

எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான். பட்டியலைத் தயாரித்த கைகளுக்குக் குறைந்த தண்டனை, பட்டியலில் பெயர் இருந்தவருக்குக் கூடுதல் தண்டனை என்றால், யாருக்கு லாபமோ அவரே மூலகாரணம் என்று எங்கோ ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது. மனிதர்கள் அப்படித்தான் யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் யோசிப்பேன். ஆனால் லாபம் ஒரு சந்தேகம், சான்று அல்ல. அவர் யாரிடம் என்ன சொன்னார், எந்தத் தில்லுமுல்லு அவருக்குத் தெரியும், எப்போது தெரியும் என்ற கேள்விகளுக்கு லாபம் பதில் சொல்லாது. மலை உச்சியில் தொடக்க வாயிலில் நிற்கும் ஒருவருக்குக் கீழே நேரம் எழுதும் அறையில் நடப்பது தெரிந்திருக்கும் என்று ஊகிப்பதற்கும் ஏதாவது ஆதாரம் வேண்டும்.

அவர் லோசானுக்கு மேல்முறையீடு செய்தார். அங்கே போவது விருப்பத்தால் அல்ல. சர்வதேசப் போட்டியில் இறங்கக் கையெழுத்துப் போடும் படிவத்திலேயே, தகராறு வந்தால் அந்தத் தீர்ப்பாயத்துக்குத்தான் போவேன் என்ற ஒப்புதலும் இருக்கும். போடாவிட்டால் போட்டி இல்லை. இப்படி வாங்கும் சம்மதம் சம்மதம்தானா என்று அதே நாட்களில் ஜெர்மனியின் பனிச்சறுக்கோட்ட வீராங்கனை கிளவுடியா பெக்‌ஷ்டைன் கேட்டுக்கொண்டிருந்தார். 2015 ஜனவரியில் மியூனிக் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வனெஸ்ஸா வழக்கில் அந்தக் கேள்வி எழவில்லை. குறை சொல்லப்படும் அந்தத் தீர்ப்பாயமே அவருக்குக் கைகொடுத்தது.

கைகொடுத்தது எப்படி என்பதில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். பணத் தகராறில், இது நடந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவு போதும். விளையாட்டுத் தீர்ப்பாயம் இரண்டுக்கும் நடுவே ஒரு படி வைத்திருக்கிறது: குற்றச்சாட்டின் கடுமையை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது, நடுவர்களின் மனம் போதிய அளவு நிறைவடைய வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டியவருக்கு. பந்தயங்களை நடத்தியதில் குறைகள் இருந்தன என்பதைத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆனால் வனெஸ்ஸாவே முறைகேடு செய்தார், அல்லது தண்டிக்கத் தகுந்த வேறு தவறு செய்தார் என்பதற்கு, அந்த நடுப்படியை எட்டும் அளவுக்குச் சான்று இல்லை என்றது. தடை போயிற்று. குறைகளோடு நடந்த பந்தயங்கள் செல்லாது என்ற முடிவு மட்டும் நின்றது; அதன்படி, பின்னோக்கிப் பார்த்தால், அவருக்குச் சோச்சித் தகுதி இல்லை.

என் அலுவலகத்தில் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த இளம் வக்கீல் ஒருவர், "சார், இது எப்படிப் பொருந்தும்? பந்தயம் பொய்யின்னா அவங்களும் பொய்தானே?" என்றார். நல்ல கேள்வி, நம்மில் பாதிப் பேர் கேட்கும் கேள்வி. நான் அவருக்கு நிலப்பத்திரத்தைச் சொன்னேன். விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லை என்று தெரிந்தால் பத்திரம் செல்லாது. வாங்கியவர் கையை விட்டு நிலம் போகும். அதற்காக வாங்கியவரை மோசடிக்காரர் என்று உள்ளே தள்ள முடியாது. அதற்கு அவருக்குத் தெரியும் என்று தனியாக நிரூபிக்க வேண்டும். பத்திரத்தைப் பற்றிய கேள்வி வேறு, மனிதரைப் பற்றிய கேள்வி வேறு. கூட்டமைப்பின் குழு இரண்டையும் ஒரே மூச்சில் தீர்த்தது. லோசான் பிரித்துப் பார்த்தது.

"அப்ப அவங்க சுத்தமானவங்கதானே சார்?" என்று விடாமல் கேட்டார் அவர். அதற்கும் ஆமாம் போட எனக்கு மனமில்லை. நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பாயம் சொன்னது. அதற்கு மேல் அது சொல்லவேண்டியதில்லை, சொல்லவும் இல்லை. அந்த இடைவெளியை ஊர் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும்.

இந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் அதே சோச்சியில் தோற்ற இன்னொருவர் நினைவுக்கு வருவார். அர்ஜென்டினாவுக்காக ஆடிய கிளைட் கெட்டி. சறுக்கிக்கொண்டு வந்து வானில் குட்டிக்கரணம் அடிக்கும் போட்டியில், 2002, 2006 ஆகிய இரண்டு ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டவர். சோச்சியின்போது வயது 52. தேவையான புள்ளிகள் அவரிடம் இல்லை. ஆனாலும் தம்மைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டார். ஒலிம்பிக் நடக்கும் ஊரிலேயே அந்தத் தீர்ப்பாயம் ஒரு தற்காலிக அமர்வு வைக்கும். 1996 அட்லாண்டாவிலிருந்து இந்த வழக்கம். கட்டணம் கிடையாது, மனு கொடுத்து 24 மணி நேரத்துக்குள் முடிவு சொல்லப் பார்ப்பார்கள். கெட்டிக்கும் சொன்னார்கள்: மனு தள்ளுபடி. சட்டப்படி வேறு முடிவுக்கு இடமில்லை. இருந்தாலும் இரண்டு வழக்குகளையும் அருகருகே வைத்தால் சங்கடமாக இருக்கிறது. புள்ளி இல்லை என்பதை ஒளிக்காமல் முன்வாசலில் நின்று கேட்டவருக்குக் கதவு திறக்கவில்லை. காகிதத்தில் புள்ளி இருந்தவர் உள்ளே போனார். காகிதம் பழுதானது என்று தெரிந்தபோது போட்டி முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. விதி காகிதத்தைத்தான் பார்க்கும். வேறு எதைப் பார்க்கச் சொல்வது என்று என்னைக் கேட்டால், நானும் காகிதத்தைத்தான் காட்டுவேன்.

யாரும் பேசாத இன்னொரு கூட்டமும் உண்டு. அந்த நான்கு பந்தயங்களில் வனெஸ்ஸா மட்டும் சறுக்கவில்லை. அந்த மோசமான வானிலையில், தொடக்க வாயிலில் நின்று, தடம் முழுக்க நேர்மையாக இறங்கி, தன் நேரத்தை வாங்கிக்கொண்டு போன பெண்களும் இருந்திருப்பார்கள். பந்தயம் செல்லாது என்றால் அவர்களுடைய நேரமும் செல்லாது; புள்ளியும் போயிற்று. அவர்கள் மீது குற்றச்சாட்டு இல்லை, அதனால் அவர்கள் வழக்கில் தரப்பும் இல்லை; தரப்பு இல்லாதவர் மேல்முறையீடு எங்கே செய்வார்? கூட்டமைப்புக்கு வேறு வழியும் இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். வராதவர் பெயர் இருக்கும் பட்டியலைப் பாதி வைத்துப் பாதி கிழிக்க முடியாது. ஆனாலும் பெரிய பெயர் ஒன்று வழக்கில் இருந்தால், அதன் நிழலில் நிற்பவர்களுக்கு என்ன ஆனது என்று கேட்க நாம் எல்லாருமே மறந்துவிடுகிறோம், நடுவர்கள் உட்பட.

தடை நின்றிருந்தால் 2018 நவம்பர் வரை போயிருக்கும். அந்த ஆண்டு பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த ஒலிம்பிக் அதற்குள் அடங்கும். ரத்தானதால் அந்த வாசல் அவருக்குத் திறந்தே இருந்தது. அவரும் முயன்றார், தோளில் காயம் பட்டு விலகிவிட்டார். தாய்லாந்து அந்த முறை நான்கு பேரை அனுப்பியது, இருவர் மலைச்சறுக்கில், இருவர் நெடுந்தூரச் சறுக்கில்.

அந்த இளம் வக்கீல் இப்போது என் எதிர்த்தரப்பில் ஆஜராகும் அளவுக்கு வளர்ந்துவிட்டார். போன முறை சந்தித்தபோது, தான் பாடம் நடத்தும் வகுப்பில் இந்த வழக்கைக் கொடுப்பதாகவும், மாணவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பதாகவும் சொன்னார். தகுதிப் பந்தயம் செல்லாது, தகுதியும் இல்லை, ஆனால் சோச்சியின் முடிவுப் பட்டியலில் 67ஆவது இடத்தில் வனகோர்ன், தாய்லாந்து என்ற வரி இருக்கிறதே, அதை அழிக்கச் சொல்லி மனு போட யாருக்கு உரிமை உண்டு? அவருக்குக் கீழே யாரும் இல்லாததால் இடம் ஏறப்போகிறவர் யாரும் இல்லை. "யாரும் பாதிக்கப்படலைன்னா மனு நிக்காது சார்" என்றார் அவர். நிற்காதுதான் என்று நானும் ஒத்துக்கொண்டேன்.